குடிக்கூலி ஆற்றுப்படை

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் உண்டியின்றி ஒருவர் வருந்துவராயின், கண்டார் ஒரு பிடி சோறேனும் இடுவர். உடையின்றி வருந்துவராயின், பழந்துணி ஒன்றேனும் ஈவர். உறையுளின்றி வருந்துவார்க்கோ, ஒருவர் தனித்து நின்று செய்யத்தக்கது மிகச் சிறிதே. இன்று உதவினாலும் அடுத்த திங்களில் குடிக்கூலி மீண்டும் வந்து வாயிலில் நிற்கும். ஆதலின் இவ்வுதவி அரசினாலன்றி ஆகாதெனக் கண்ட நாடுகள் சில, அதற்கெனச் சட்டம் வகுத்துள்ளன. அவற்றுள் அமெரிக்க ஐக்கிய நாட்டில் குறைந்த வருவாயுடைய குடும்பத்தார் அரசின் குடிக்கூலி உதவியை நாடுமிடத்து எவ்வழிச் செல்லல் வேண்டும் என்பதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்குக் கடல் கடந்த நாட்டின் வாடகைச் சட்டம் எற்றுக்கு என வினவுவாரும் இருப்பர். பத்துப்பாட்டைப் பயிலுங்கால் எழுந்த எண்ணமொன்றே எம்மை இதன்கண் செலுத்தியது. பத்துப் பாட்டினுள் சரிபாதி ஆற்றுப்படையாம். அவ்வைந்தனுள் திருமுருகாற்றுப்படை ஒழிந்த நான்கும், வள்ளலிடம் பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொருவனைக் கண்டு, தான் சென்ற வழியையும் பெற்ற பேற்றையும் எடுத்துரைத்து அவனையும் அவ்வழியே செலுத்தும் முறையில் அமைந்தவை. மலைபடுகடாம் வழியிடையுள்ள இடர்களையும் ஒவ்வொன்றாகக் கூறி எச்சரிக்கின்றது. இக்காலத்து வறியவர் செல்லும் வழி காடும் மலையும் அன்று. அலுவலகமும் விண்ணப்பத்தாளும் ஆம். ஆயினும் அவ்வழியிலும் இடருண்டு. அவ்விடரைச் சொல்லிச் செலுத்துவார்தாம் அரியர். அவ்வாற்றுப்படையை எளிய உரைநடையில் அமைத்துப் பார்த்தலே எம் கருத்து.

முதற்கண் வள்ளல் யாரென அறிதல் வேண்டும். அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற வீட்டுவசதிச் சட்டம், அரசின் பொருளால் ஏழைகட்குக் குடியிருப்புகள் கட்ட வழிசெய்தது. 1965ஆம் ஆண்டில் வீட்டுவசதி, நகர வளர்ச்சி ஆகியவற்றிற்கெனத் தனித்துறை ஒன்று நிறுவப்பெற்றது. அரசே வீடு கட்டித் தருவதினும், தனியார் வீட்டில் குடியிருப்பார்க்கு வாடகையிற் பங்கு கொடுத்தல் நலமெனும் கருத்து பின்னர் வலுப்பெற்றது. 1974ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நிறைவேறிய சட்டம், 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் பிரிவைத் திருத்தி இம்முறையை நிலைநாட்டியது. இன்றும் அந்நாட்டு மக்கள் இவ்வுதவியை ‘எட்டாம் பிரிவு’ என்றே வழங்குவர். உதவி பெறுவார்க்குக் கொடுக்கப்படும் உறுதிச் சீட்டு ‘வவுச்சர்’ எனப்படும். பொருள் நடுவண் அரசினுடையது. அதனைப் பகிர்ந்தளிப்பனவோ ஏறத்தாழ 2,000 உள்ளூர் வீட்டுவசதி ஆணையங்கள். விண்ணப்பம் தலைநகராகிய வாஷிங்டனுக்குச் செல்வதன்று. அவ்வவ்வூர் ஆணையத்திற்கே செல்வது. இஃது அறியாமையால் வழி தப்புவார் பலர்.

இனி, உதவியின் அளவு யாதெனக் காண்போம். குடும்பத்தின் வருவாயில், குழந்தைகள், முதியோர், ஊனமுற்றோர் முதலியோர் பொருட்டுச் சட்டம் இசையும் கழிவுகள் போக எஞ்சியதில், நூற்றுக்கு முப்பது விழுக்காட்டளவு குடும்பத்தின் பங்காகும் என்பதே பொதுவிதி. செனட்டர் எட்வர்டு புரூக் என்பார் முயற்சியால் 1969ஆம் ஆண்டில் அரசுக் குடியிருப்புகட்கு இவ்வரம்பு நூற்றுக்கு இருபத்தைந்தாக வகுக்கப்பெற்றது. 1981ஆம் ஆண்டில் முப்பதாக உயர்த்தப்பெற்றது. குடும்பத்தின் பங்கிற்கு மேற்பட்டதை, ஊருக்கும் வீட்டின் அளவிற்கும் ஏற்ப ஆணையம் வகுத்த எல்லைவரை, அரசு ஏற்கும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். ஒரு குடும்பத்தின் திங்கள் வருவாய், கழிவுகள் போக, 1,500 டாலர் என்க. அதில் நூற்றுக்கு முப்பது 450 டாலராம். அக்குடும்பத்திற்கேற்ற வீட்டிற்கு ஆணையம் வகுத்த எல்லை 1,400 டாலர் என்க. மின்சாரம் முதலிய செலவும் உள்ளிட்ட குடிக்கூலி 1,400 டாலராயின், குடும்பம் 450 டாலர் கொடுக்க, எஞ்சிய 950 டாலரை ஆணையம் வீட்டுக்காரர்க்கு நேரே செலுத்தும். 1,500 டாலர் வீட்டை அவர்கள் விரும்புவராயின், மிகுதியாகிய 100 டாலரும் அவர்கள் தலைமேலதாம். ஆகவே 550 டாலர் கொடுத்தல் வேண்டும். 1,600 டாலர் வீடாயின் அவர்கள் பங்கு 650 டாலராகும். இது வருவாயில் நூற்றுக்கு நாற்பதாகிய 600 டாலரைக் கடத்தலின், முதன்முறை குடிபுகுங்கால் ஆணையம் இதற்கு இசையாது. உதவி பெற்ற பின்னரும் வாடகைச் சுமையால் குடும்பம் நிலைகுலைதல் கூடாதென்பதே இவ்வரம்பின் கருத்து.

உதவிக்கு உரியார் யாவர்? வருவாயை அளக்கும் கோல் நாடெங்கும் ஒன்றன்று. அவ்வவ்விடத்து நடுத்தரக் குடும்ப வருவாயோடு ஒப்பிட்டே அளப்பர். பெரும்பாலும் அந்நடு வருவாயில் பாதிக்கு மேற்படாதாரே உரியர். அன்றியும் ஆண்டுதோறும் புதிதாகச் சேர்க்கப்படுவாருள் நூற்றுக்கு எழுபத்தைவர், அதனினும் மிகக் குறைந்த வருவாயுடையாராதல் வேண்டும் என்பது சட்டம். குடும்பத்தின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரம்பு உயரும். அந்நாட்டுக் குடிமக்களும், சட்டம் குறித்த சில வகைக் குடியேறியோரும் விண்ணப்பித்தற்கு உரியர். தனித்து வாழ்வாரும் விண்ணப்பிக்கலாம். கணவனும் மனைவியும் மக்களுமாக இருந்தாலன்றிக் குடும்பமாகாது என்னும் விதியில்லை.

நிற்க. உரிமையுடையார் அனைவர்க்கும் உதவி கிட்டும் என எண்ணுதல் பெரும்பிழையாகும். இதுவே இவ்வழியின் முதல் இடர். முதியோர் ஓய்வூதியம் போல, தகுதியுடையார் யாவரும் கேட்டுப் பெறத்தக்க உதவியன்று இது. சட்டமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் பொருள் எவ்வளவோ அவ்வளவே பகிரப்படும். 20 இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இச்சீட்டினாற் பயன்பெறினும், நடுவண் அரசின் வாடகை உதவித் திட்டங்கள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிடின், தகுதியுடைய குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றே உதவி பெறுகின்றது. ஏனைய மூன்றும் காத்திருக்கும். அல்லது காத்திருக்கும் பட்டியலிலும் இடமின்றிப் புறத்தே நிற்கும்.

பட்டியலிற் பெயர் சேர்த்தலே அரிதென்பதற்கு நியூயார்க்கு நகரம் ஒரு சான்று. அங்கு 2009ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்ட பட்டியல், 2024ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் தொடங்கி 9ஆம் நாள் வரை, ஒரு கிழமை மட்டும் திறக்கப்பெற்றது. அவ்வேழு நாளில் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றுள் 2 இலட்சம் குலுக்கல் முறையால் தெரிந்தெடுக்கப்பெற்றுப் பட்டியலிற் சேர்க்கப்பெற்றன. குலுக்கலில் வென்றார் பெற்றது வீடன்று, வவுச்சரும் அன்று, காத்திருத்தற்கு ஓரிடமே.

ஆதலின் விண்ணப்பிப்பார் முதற்கண் செய்யத்தக்கது, தம்மூர் ஆணையத்தின் பட்டியல் எப்பொழுது திறக்கப்படும் என விழிப்புடன் நோக்கியிருத்தலாம். ஓர் ஆணையத்தில் மட்டுமே பெயர் கொடுத்தல் வேண்டும் என்னும் தடையில்லை. அண்டையிலுள்ள ஊர்களின் பட்டியல்கள் திறந்திருப்பின் அவற்றிலும் தனித்தனியே விண்ணப்பிக்கலாம். அஃதன்றி, அரசின் உதவியோடு கட்டப்பெற்ற குடியிருப்புகள் தத்தமக்கெனப் பட்டியல் வைத்திருத்தலும் உண்டு; அவற்றையும் வினவுதல் நன்று. தொலைபேசியில் 211 என்னும் எண்ணை அழைப்பார்க்கு, அவ்வட்டாரத்தில் கிடைக்கும் பிற உதவிகளைப் பற்றி அந்நாட்டின் பெரும்பாலான இடங்களிற் கூறுவர். ஒன்று மட்டும் நினைவில் வைத்தல் வேண்டும். பட்டியலிற் பெயர் சேர்க்க ஆணையம் காசு கேட்பதில்லை. காசு பெற்று முன்னிடம் வாங்கித் தருவதாகக் கூறுவார் உளராயின், அவர் வஞ்சகரே. இல்லாதாரிடமும் கவர்தற்கு ஏதேனும் உண்டெனக் காணும் கண் இவ்வஞ்சகர்க்கு உண்டு.

விண்ணப்பத்தில் உள்ளவாறே எழுதுதல் வேண்டும். வீட்டில் வாழ்வார் அனைவர் பெயரும், பிறந்த நாளும், ஒவ்வொருவர் வருவாயும் குறித்தல் வேண்டும். பிறப்புச் சான்று, அடையாளச் சான்று, சமூகப் பாதுகாப்பு எண், கூலிச் சீட்டுகள், வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் முதலியவற்றின் கடிதங்கள் ஆகியவற்றை ஓர் உறையில் ஒருங்கே சேர்த்து வைத்தல் நலம். சில ஆணையங்கள் வீடற்றார், முதியோர், ஊனமுற்றோர், இல்லத்திற் கொடுமைக்கு ஆளாகி வெளியேறினோர், வருவாயிற் பாதிக்கு மேல் வாடகைக்கே இழப்போர் முதலியோர்க்கு முன்னுரிமை நல்கும். இவ்வரிசை ஊருக்கு ஊர் வேறுபடும். தமக்குரிய முன்னுரிமையைக் கூச்சத்தால் எழுதாது விடுவார் தம்மிடத்தைத் தாமே பின்தள்ளிக் கொள்பவராவர்.

இனி, இவ்வழியிலுள்ள பேரிடரைக் கூறுவோம். அது காத்திருக்குங் காலத்தில் நேர்வது. காத்திருப்பு திங்கட் கணக்கினதன்று, ஆண்டுக் கணக்கினது. ஆணையங்கள் இடையிடையே கடிதம் அனுப்பி, “இன்னும் உதவி வேண்டுமா?” என வினவும். குறித்த நாளுக்குள் விடை வாராதாயின், பெயரைப் பட்டியலினின்றும் நீக்கிவிடும். இவ்விதியை இயற்றினார் தீங்கு நினைந்து இயற்றினார் என யாம் கூறோம். இறந்தாரும் ஊர் விட்டு அகன்றாரும் பட்டியலில் இடம் அடைத்து நில்லாமைப் பொருட்டே அஃது ஏற்பட்டது. ஆயினும் அதன் விளைவை நோக்குக. வாடகை கொடுக்க இயலாதாரே இவ்வுதவியை நாடுவார். வாடகை கொடுக்க இயலாதாரே வீடு விட்டு வீடு பெயர்வார். வீடு விட்டு வீடு பெயர்வார்க்கே கடிதம் சென்று சேராது. எவர்க்கு இவ்வுதவி மிகவும் வேண்டுமோ, அவர் பெயரே பட்டியலினின்றும் எளிதில் உதிரும். நிலையான முகவரியைப் பெறுதற்பொருட்டு விண்ணப்பித்தவர், நிலையான முகவரி இன்மையாலேயே அதனை இழப்பது எத்துணை இரங்கத்தக்கது!

ஆதலின் விண்ணப்பித்தார், குடி பெயரும்பொழுதெல்லாம் புதிய முகவரியை ஆணையத்திற்கு எழுத்தாலோ கணிப்பொறி வழியாலோ உடனே அறிவித்து, அறிவித்தமைக்குச் சான்றும் பெற்று வைத்தல் வேண்டும். உறவினர் இல்லமோ திருச்சபையோ போன்ற நிலையான முகவரி ஒன்றைக் கடிதம் பெறுதற்குக் குறித்தலும் நன்று. எண் குறித்த ஒப்புகைச் சீட்டை இழத்தலாகாது. வந்த கடிதம் எதுவாயினும் அன்றே பிரித்துப் படித்தல் வேண்டும்.

பெயர் முன்வந்தபின் ஆணையம் அழைத்து, சான்றுகளை ஆராய்ந்து, தகுதியை உறுதிசெய்யும். மறுக்குமாயின், காரணத்தை எழுத்தில் தெரிவித்தல் அதன் கடமை. மறு ஆய்வு கோருதல் விண்ணப்பித்தார் உரிமை. அதற்கும் நாள் வரையறை உண்டு. மறுப்புக் கடிதம் கண்ட துணையானே மனமுடைந்து ஒழிதல் தகாது. கணக்கிற் பிழை நேர்ந்திருக்கலாம். பிறர் குற்றம் இவர் பெயரில் ஏறியிருக்கலாம். இத்தகைய வழக்குகளில் ஏழைகட்குப் பொருள் பெறாது துணைநிற்கும் சட்ட உதவி நிலையங்கள் அந்நாட்டில் உள்ளன.

வவுச்சர் கைக்கு வந்ததும் வழி முடிந்தது என்றெண்ணுவார் ஏமாறுவர். அது வீடன்று, வீடு தேடுதற்கான ஆணையே. தேடுதற்குக் குறைந்தது 60 நாள் தவணை கொடுக்கப்படும். அதனை நீட்டித்தல் பெரும்பாலும் ஆணையத்தின் விருப்பம். அத்தவணைக்குள், வாடகை எல்லைக்குட்பட்டதாய், வவுச்சரை ஏற்கும் வீட்டுக்காரர் உடையதாய், ஆணையத்தார் சோதனையில் தேறுவதாய் ஒரு வீடு கிடைத்தல் வேண்டும். நீர், மின்சாரம், குளிர்காலத்து வெப்பம், புகை கண்டு ஒலிக்கும் கருவி முதலியன செவ்வனே உள்ளனவா என அவர் சோதிப்பர். 1978ஆம் ஆண்டிற்கு முன் கட்டப்பெற்ற வீட்டில் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தை வாழுமாயின், ஈய நஞ்சு கலந்த பழஞ்சாயம் உதிர்கின்றதா எனவும் காண்பர். இச்சோதனை குடியிருப்பாரைக் காப்பதே எனினும், அதனால் உண்டாகும் கால தாமதத்தை வெறுத்து வேறு குடியை நாடும் வீட்டுக்காரரும் உளர்.

இனத்தாலோ சமயத்தாலோ நாட்டாலோ வேற்றுமை காட்டி வீடு மறுத்தலை 1968ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. பால் வேற்றுமை 1974ஆம் ஆண்டிலும், ஊனமுடைமையும் குழந்தையுடைமையும் 1988ஆம் ஆண்டிலும் அவ்விலக்கினுட் சேர்ந்தன. ஆனால் ‘வவுச்சர் உடையார்க்கு வீடில்லை’ எனல் அச்சட்டத்தால் விலக்கப்பட்டதன்று. நியூஜெர்சி, மாசச்சூசெட்ஸ், கலிபோர்னியா முதலிய மாநிலங்கள் தத்தம் சட்டத்தால் அதனை விலக்கியுள்ளன. டெக்சாஸ் மாநிலமோ, தன் நகரங்கள் பொதுவாக அத்தகைய விலக்கினை இயற்றலாகாதென 2015ஆம் ஆண்டில் தடுத்தது. ஆகவே பல்லாண்டு காத்துப் பெற்ற வவுச்சரைத் தவணைக்குள் பயன்படுத்த இயலாது திருப்பிக் கொடுப்பாரும் பலராவர். முன்பணத்தைப் பெரும்பாலும் குடும்பமே தேடிக்கொள்ள வேண்டுமாதலின், காத்திருக்குங் காலத்தில் சிறிது சிறிதாகவேனும் சேர்த்து வைத்தல் அறிவுடைமையாம்.

குடிபுகுந்தபின் வருவாயையும் குடும்ப எண்ணிக்கையையும் ஆணையம் குறித்த காலந்தோறும் மீளாய்வு செய்யும். இடையில் நேரும் மாறுதல்களை அதன் விதிப்படி அறிவித்தல் கடமை. மறைத்தார் உதவியை இழப்பர். வருவாய் குறையின் குடும்பத்தின் பங்கும் குறையுமாதலின், வேலையிழந்த அன்றே அறிவித்தல் அவர்க்கே நலமாம். வேறூர் செல்லவேண்டின், விதிகட்கு உட்பட்டு வவுச்சரை உடன்கொண்டு செல்லவும் கூடும்.

இவ்வழியை முற்றும் நோக்குமிடத்து ஓர் எண்ணம் எழுகின்றது. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர், தம்மைக் காணாமலே அதியமான் அளித்த பரிசிலை ஏற்க மறுத்தார் என்பது புறநானூற்றால் அறியப்படுவது. இன்றைய வள்ளலாகிய சட்டமோ எவரையும் காண்பதில்லை, தாளையே காண்கின்றது. காணாமையால் ஒரு நன்மையும் உண்டு. முகங்கண்டு ஈவார் முகங்கண்டு மறுக்கவும் கூடும், சட்டம் அங்ஙனம் செய்தல் தகாது. ஆயினும் தாள் இல்லாதார் அதன் கண்ணில் இல்லாதாரே ஆகின்றார்.

வறியார் சொல்லை அரசு நம்பவே இயலாதோ எனின், இயலும் என்பதற்குச் சான்றுண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் 2,500 கோடி டாலரும், 2021ஆம் ஆண்டு மார்ச்சில் 2,155 கோடி டாலரும் வாடகை உதவிக்கென அந்நாடு ஒதுக்கியது. முதலில் பல ஊர்களில் தாள்களின் மிகுதியால் பொருள் தேங்கிக் கிடந்தது. சான்று காட்ட இயலாதார் தம் வருவாயைத் தாமே எழுதிக் கையொப்பமிடின் அதனை ஏற்கலாமென நடுவண் அரசு தெளிவுறுத்தியபின், வழி ஓரளவு விரிந்தது. அத்திட்டம் இப்பொழுது முடிவுற்றது. அது காட்டிய பாடமோ முடியத்தக்கதன்று.

யோவான் சுவிசேஷத்திற் கூறப்படும் பெதஸ்தா குளக்கரையை நம்முட் பலரும் அறிவோம். முப்பத்தெட்டு ஆண்டு நோயுற்றுக் கிடந்தவன் ஒருவன், நீர் கலங்கும்பொழுது தன்னைக் குளத்தில் இறக்குவார் ஒருவரும் இலர் என்றும், தான் செல்லுமுன் வேறொருவன் இறங்கிவிடுகின்றான் என்றும் முறையிட்டான். குளத்தின் அருள் ஒருவனுக்கே பயன்பட்டது. அக்கரையிலோ பலர் கிடந்தனர். குளத்தைப் பெரிதாக்குதல் அரசின் கடமை. அதற்காக வற்புறுத்தல் குடிமக்களின் கடமை. அதுகாறும், தூக்கி இறக்குவார் ஒருவராக நிற்றல் கற்றார் அனைவர்க்கும் இயல்வதே. ஒரு கடிதத்தைப் படித்துச் சொல்லுதல், ஒரு விண்ணப்பத்தைப் பிழையற நிரப்பித் தருதல், வீடு பெயர்ந்த அண்டை அயலார்க்காக முகவரி மாற்றம் எழுதித் தருதல் ஆகிய இவை சிறு செயல்களே எனினும், ஒரு குடும்பம் வீட்டினுள் வாழ்வதும் தெருவில் நிற்பதும் சிற்சில வேளைகளில் இவற்றையே பற்றி நிற்கின்றன.

எந்நாட்டினும் அரசின் உதவி தாளின் வழியே வருமாதலின், இத்தொண்டு நம்மூரிலும் வேண்டப்படுவதே. பரிசில் பெற்று மீண்ட பாணன் தன் யாழுடன் வீடு சேர்ந்து வாளா இருந்திலன். வழியில் நின்று பிறர்க்கு வழி கூறினான். கல்வி என்னும் பரிசிலைப் பெற்று இக்கல்லூரியினின்றும் வெளிச்செல்லும் நாமும் அவ்வாறே வழியிடை நின்று கூறுவோமாக.